கரூரின் இரண்டு வங்கிகள்: லட்சுமி விலாஸ் இணைப்பை முன்வைத்து

வட்டார வங்கி ஒன்று பெரிய வங்கியில் கரைந்துபோனால், ‘சிறியது, அதனால் தாக்குப்பிடிக்கவில்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 2020இல் இப்படிக் கரைந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு அந்த விளக்கம் பொருந்தாது. 1926இல் வி. எஸ். என். இராமலிங்கச் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் கரூரில் அதைத் தொடங்கியபோது, அதே ஊரில் கரூர் வைஸ்யா வங்கிக்குப் பத்து வயது. இரண்டுக்கும் ஒரே கடைத்தெரு, ஒரே நெசவுத் தொழில். கரூர் வைஸ்யா இன்றும் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டே இயங்குகிறது. ஊரும் அளவும்தான் காரணம் என்றால் இரண்டும் போயிருக்க வேண்டும்.

லட்சுமி விலாஸ் வளர்ந்ததே பிற வங்கிகளை உள்வாங்கித்தான். 1960இல் கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி விழுந்தது. நலிந்த வங்கிகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம், இன்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் எனப்படும் சட்டத்தின் 45ஆம் பிரிவில் அதன் பிறகே சேர்ந்தது. சிறு வங்கிகள் ஒவ்வொன்றாக மறைந்த அந்தக் காலத்தில், 1961 முதல் 1965 வரை, ஒன்பது வங்கிகள் லட்சுமி விலாசுக்குள் வந்தன.

வட்டார வங்கியின் உண்மையான முதல், கடன் கேட்பவரின் தறியையும் கணக்கையும் கொடுப்பவர் நேரில் அறிந்திருப்பதுதான். லட்சுமி விலாஸ் கைவிட்டது அதைத்தான் என்பது என் வாதம். பதிவு அலுவலகம் கரூரிலேயே இருந்தாலும் நிர்வாகம் சென்னைக்குப் போனது. கடன்கள் இன்னும் தொலைவுக்குப் போயின. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனத்தின் வைப்புத்தொகையை ஈடாகக் கொண்டு, ரான்பாக்ஸியின் முன்னாள் உரிமையாளர்களான சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்குக் கொடுத்த ஏறத்தாழ 720 கோடி ரூபாய் நீதிமன்றத்தில் போய் நின்றது. பெருங்கடன்களில் கரூர் வைஸ்யாவும் அடிபட்டது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அதன் மூலதனம் அந்த அடியைத் தாங்கியது. லட்சுமி விலாசின் மூலதனப் போதுமை விகிதமோ 2020 செப்டம்பரில் சுழியத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

இணைப்புகளும் ஒரே வகை அல்ல. மதுரை வங்கி 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு அதே சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ், பங்குதாரர் ஒப்புதலுடன் இணைந்தது. ஒரு பங்குக்கு ஐசிஐசிஐயின் இரண்டு பங்குகள் கிடைத்தன. லட்சுமி விலாசுக்கு வந்தது 45ஆம் பிரிவு. 2020 நவம்பர் 17 அன்று வைப்பாளர் ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம் என்ற வரம்போடு முடக்கம் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 27 அன்று 563 கிளைகளும் சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்தைச் சேர்ந்த டிபிஎஸ் பேங்க் இந்தியாவுக்குப் போயின. வைப்பாளர்களின் பணம் முழுதாகக் காப்பாற்றப்பட்டது. இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. பங்கு மூலதனம் மட்டும் அடியோடு தள்ளுபடியானது. அந்தப் பங்குதாரர்கள்தாம் செப்டம்பர் 25 அன்று ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றியவர்கள். இணைப்புத் திட்டத்தின் மீது வாக்களிக்க அவர்களுக்கு இடமில்லை. ஆட்சேபம் எழுதி அனுப்ப மட்டும் நவம்பர் 20 மாலை 5 மணி வரை, மூன்று நாள் கொடுக்கப்பட்டது.