வீடு விற்பதும் ஊர் விடுவதும்

யாழ்ப்பாணத்து வீட்டை விற்று, வேறு மாகாணமாகிய கொழும்புப் பக்கம் குடிபெயர்ந்த பலரை நான் அறிவேன். விலை பேசுவதிலும் பார்க்க, உறவினரின் சம்மதம் பெறுவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. காரணம் தேசவழமை. ஒல்லாந்தர் 1706-07இல் தொகுப்பித்த இவ்வழமைக்கு ஆங்கிலேயர் 1806இல் சட்டவலு அளித்தனர்.

காணி விற்பவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அதனை ஈடு பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அயலவரை நீக்கியது. பங்காளரும் உரித்தாளரும் எஞ்சினர்.

முதுசம் அந்நியர் கைக்குப் போகாதிருக்க ஏற்பட்ட ஒழுங்கு இது. உறவினர் அடுத்த வளவில் வாழ்ந்தவரை அது இடையூறாகவில்லை. 1983க்குப் பின்னரோ, அச்சம்மதத்தை லண்டனிலும் ரொறன்ரோவிலும் தேட வேண்டியதாயிற்று. பல வீடுகள் விற்கப்படாமல் பூட்டிக் கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.