அத்துக்கட்டுற உரிமை

மல்லாங்கிணறுப் பக்கத்துப் பேச்சில் 'அத்துக்கட்டுற சாதி' என்பது வசவு. ஒத்துவராதவனைப் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு மறுதாலி கட்டிக்கொண்டவளின் தன்மானத்தை இழிவாக்கிக் காட்டியது மேல்சாதிக் கற்புச் சொல்லாடல். இதே வட்டாரத்தில்தான், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், 1928இல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு மணவிலக்கை உரிமையாகக் கேட்டது. வசவு கோரிக்கையாயிற்று. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படியொரு திருமணத்தைச் செல்லாதென்றது. சட்டப்படி மனைவியே இல்லையென்றால் எதிலிருந்து கௌரவமாக விலகுவது? ஜீவனாம்சம் எப்படிக் கேட்பது? ஊர் 'வைப்பு' என்றுதானே சொல்லும். 1967 திருத்தச் சட்டம் வரும்வரை இந்த நிலைதான்; முன்பு நடந்த கல்யாணங்களும் அதில்தான் செல்லுபடியாயின. வேடிக்கை என்னவென்றால், வசவு வாங்கிய அத்துக்கட்டு வழக்கத்தை 1955 இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு செல்லுமென்றே விட்டுவைத்திருந்தது.