தனிச்செயலுக்கு முகவரியிடல்: சஹானா மென்பொருளை முன்வைத்து

இணையப் பயன்பாட்டில் சொடுக்கப்படும் ஒவ்வோர் இணைப்பும் சேர்வரிலுள்ள ஏதோவொரு செயலைச் சென்றடைகிறது. வந்த முகவரியைப் படித்து, அது எந்தக் கொன்ட்ரோலரின் (செயல்களைத் தொகுத்து வைக்கும் நிரல்பகுதியின்) எந்தச் செயலுக்குரியது என்று முடிவு செய்வதே வழிப்படுத்தல். பட்டியலிடல், காட்டல், சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய வழமையான வேலைகளுக்கு இம்முடிவைப் பயன்பாட்டுக்கு அடித்தளமான சட்டகமே எடுத்துவிடும். இவற்றுக்குள் அடங்காத தனிச்செயல் தேவைப்படும்போதுதான், அதற்கு எங்கே இடம் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. எந்தப் பதிவின்மீது அச்செயல் நிகழ்கிறதோ அந்தப் பதிவின் முகவரிக்குக் கீழேயே அது அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கொழும்பில் உருவான சஹானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளின் இரு தலைமுறைகளை ஒப்பிட்டால் இதற்கான காரணம் தெளிவாகும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவு செய்ய இலங்கை மென்பொருள் துறைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் சஹானாவை எழுதினர். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதனை வளர்த்தெடுத்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு வழங்கியது. பிஎச்பி மொழியில் அமைந்த அந்தப் பதிப்பில் எல்லா முகவரிகளும் ஒரே நுழைவுக் கோப்புக்கே வந்தன. அவற்றின் பின்னொட்டாக இரண்டு சொற்கள் இருந்தன: ஒன்று பிரிவின் பெயர், மற்றது செயலின் பெயர். இரண்டையும் சேர்த்தால் இயக்க வேண்டிய சார்பின் பெயர் கிடைத்துவிடும். புதிய செயல் வேண்டுமானால் அந்தப் பெயரமைப்பில் ஒரு சார்பு எழுதினால் போதும். நெருக்கடிக் காலத்துக்கு இந்த எளிமை பெரிய வரம்தான். ஆனால் எந்த மனிதர், எந்த முகாம் என்ற விவரத்துக்கு அந்த இரு சொற்களில் இடமில்லை. அது தனி அளபுருவாக வந்தாக வேண்டும். அதைப் படிப்பதும் சரிபார்ப்பதும் ஒவ்வொரு சார்பின் பொறுப்பாகிவிடும்.

அடுத்த தலைமுறையான சஹானா ஈடன் பைதன் மொழியில், வெப்டூபை சட்டகத்தின்மீது எழுதப்பட்டது. சிக்காகோவின் டீபோல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமோ டி பியெரோ 2007இல் வெளியிட்ட அச்சட்டகத்தில் முகவரி பயன்பாடு, கொன்ட்ரோலர், சார்பு என்ற வரிசையில் அமையும். அளபுரு ஏற்காத சார்பு எதுவும், பெயர் இரட்டை அடிக்கோட்டில் தொடங்காதவரை, தானாகவே வெளியுலகுக்குத் திறந்துவிடுகிறது. உள்வேலைக்கு எழுதிய துணைச்சார்பொன்று கவனக்குறைவால் பொது முகவரி பெற்றுவிடும் ஆபத்து இதிலுண்டு. ரூபி ஒன் ரெயில்ஸ் போன்ற சட்டகங்கள் வழிகளைத் தனிக்கோப்பில் அறிவிக்கச் சொல்வது இதற்கு நேரெதிரான முறை.

ஈடன் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. ஆள், முகாம், வைத்தியசாலை போன்ற ஒவ்வொரு வளத்துக்கும் கொன்ட்ரோலரில் ஒரு சிறு சார்பு மட்டும் இருக்கும்; மீதியை அது பொதுவான கையாளியிடம் ஒப்படைத்துவிடும். முகவரியில் வளத்தின் பெயரையடுத்துப் பதிவெண் வரும், அதையடுத்துச் செயலின் பெயர் வரும். தனிச்செயல் அந்த வளத்துக்கென வெளிப்படையாகப் பதியப்படுகிறது. ஒருவரின் தொலைபேசி, மின்னஞ்சல், முகவரி, அவசரத் தொடர்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் காட்டும் 'கொன்டாக்ட்ஸ்' அப்படிப் பதியப்பட்டதே. ஒருமையிலுள்ள 'கொன்டாக்ட்' என்பதோ ஆளுடன் இணைந்த கிளை அட்டவணை. கிளையின் பெயரும் செயலின் பெயரும் ஒன்றானால் எது இயங்கும் என்ற குழப்பம் வரும் என்பதால் பெயரிடுவதில் இத்தகைய நுண்மை தேவைப்படுகிறது.

களனி கங்கை பெருகி, வத்தளைப் பிரதேச செயலகப் பிரிவின் ஹெந்தளையில் ஒரு பாடசாலை தற்காலிக முகாமாகிறது எனக் கொள்வோம். வந்து சேரும் குடும்பங்களை உள்ளெடுக்க ஒரு தனிச்செயல் தேவை. அதைத் தனிப்பக்கமாக எழுதினால், எந்த முகாம் என்பதைத் தொண்டர் ஒவ்வொரு தடவையும் தெரிவு செய்ய வேண்டிவரும். பசியோடும் நனைந்த உடையோடும் வரிசையில் நிற்போர் முன்னால் நடக்கும் அந்தத் தெரிவில் பிழை நேர்ந்தால், ஹெந்தளைக் குடும்பமொன்று வேறொரு முகாமின் பட்டியலில் ஏறிவிடும். தேடி வரும் உறவினருக்கு அக்குடும்பம் காணாமற்போனதாகிவிடும். முகாமின் பதிவெண்ணுக்குக் கீழே அச்செயலை அமைத்தால், முகாம் எது என்பது இணைப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்தப் பதிவைப் பார்க்க உரிமையில்லாதவருக்கு வளத்தின் வாயிலிலேயே வழி அடைபடவும் செய்யும். ஆனால் அதை மாற்றும் உரிமை உண்டா என்பதைத் தனிச்செயல் தானே சோதித்தாக வேண்டும். இதை மறப்பது பாரதூரமான பிழை.

இணைப்பை எப்படி எழுதுவது என்பது அடுத்த கேள்வி. முகவரியைச் சரமாகக் கையால் தட்டச்சிடுவது எளிது. ஆனால் பயன்பாட்டின் பெயரோ வழிவிதியோ மாறினால் அப்படி எழுதிய எல்லாம் முறிந்துவிடும். வெப்டூபையில் முகவரியை ஆக்கித் தரும் உதவிச்சார்பு உண்டு. கொன்ட்ரோலர், சார்பு, பதிவெண், செயல் ஆகியவற்றைக் கொடுத்தால், நடப்பிலுள்ள வழிவிதிக்கேற்ப அது முகவரியைத் தருகிறது. இணைப்பின் மேல் தோன்றும் சொல்லைத் தமிழிலோ சிங்களத்திலோ மாற்றலாம். அடியிலுள்ள முகவரி மாறத் தேவையில்லை. மும்மொழி நாட்டில் அலுவலர் ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் இணைப்பு எம்மொழித் திரையிலும் அதே பதிவைத் திறப்பது அவசியம்.

எல்லாத் தனிச்செயலையும் இணைப்பாக்கிவிடவும் கூடாது. இணைப்பைச் சொடுக்கினால் உலாவி அனுப்புவது 'கெட்' கோரிக்கை. அது தரவைப் படிக்க மட்டுமே உரியது. 2005இல் கூகுளின் வெப் அக்சலரேட்டர் பக்கங்களிலிருந்த இணைப்புகளை முன்கூட்டியே தானாகத் திறந்தபோது, நீக்கலை வெறும் இணைப்பாக வைத்திருந்த பயன்பாடுகளில் தரவுகள் அழிந்தன. ஆகவே குடும்பத்தை உள்ளெடுக்கும் படிவத்தைத் திறப்பது இணைப்பாகலாம். உள்ளெடுத்ததை உறுதி செய்வது 'போஸ்ட்' கோரிக்கையாகப் படிவத்திலிருந்தே செல்ல வேண்டும்.

எந்தவொரு தனிப்பதிவுக்கும் உரியனவல்லாத செயல்களும் உண்டு. கம்பஹா மாவட்டத்தின் எல்லா முகாம்களிலும் எஞ்சியுள்ள இடத்தைக் கூட்டிக் காட்டும் பக்கம் அத்தகையது. அது முகாம் வளத்தின் முழுத்தொகுதிக்குரிய செயல் என்பதால் பதிவெண் இன்றி வளத்தின் பெயரையடுத்தே வரலாம். முகாம், வைத்தியசாலை, களஞ்சியம் மூன்றையும் தொடும் நிலவர அறிக்கைக்கு மட்டும் கொன்ட்ரோலரில் தனிச்சார்பு எழுதுவது முறை.