தோட்டத்தில் கோதுமை போட்ட காட்டன் துரை

கும்பகோணத்துலேருந்து சென்னைக்கு அணைக்கரை வழியா பஸ்ஸில் போனவங்களுக்கு அந்தக் குறுகலான பழைய பாலம் ஞாபகம் இருக்கும். அங்கே கொள்ளிடத்துக்குக் குறுக்கே இருப்பதுதான் கீழணை. 1836ல் கட்டியது. அதில் தேங்குற தண்ணீர் வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வருது. என் வயல் அந்த வடவாற்றுப் பாசனத்தில்தான் இருக்கு. 2004லேருந்து வீராணத்துத் தண்ணி குழாய் வழியா சென்னைக்கும் போகுது. ஆக, சென்னையில உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்களும் இங்கே நாத்து விடுற நானும் ஒரே மடையில தண்ணி வாங்குறவங்க.

அந்தக் கீழணையைக் கட்டினவர் ஆர்தர் காட்டன். எங்க பக்கம் இளவட்டங்ககிட்ட காட்டன் யாருன்னு கேட்டா, வேட்டியா சட்டையான்னு திருப்பிக் கேக்குறாங்க. கோதாவரிக் கரையில இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. ஊருக்கு ஊர் சிலை இருக்கு, தவளேஸ்வரத்தில் அவர் பேரில் மியூசியம் இருக்கு, அணைக்கே அவர் பேர்தான். இதில் ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கோதாவரியில் அவர் செய்துகாட்டிய வித்தையை அவர் கற்றுக்கொண்டது நம்ம காவிரி மணலில்.

1803ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினோரு பையன்கள் இருந்த வீட்டில் பத்தாவது பிள்ளை. கம்பெனியின் ராணுவப் பள்ளியில் படித்துவிட்டு 1821ல், 18 வயசில், மதராஸ் வந்து இறங்கினார். பாம்பன் கால்வாயை அளந்தார், பர்மா சண்டைக்குப் போனார், பிறகு காவிரிக்கு வந்தார்.

அப்போ காவிரி இருந்த நிலைமையைச் சொல்லணும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியுது. வடக்கே போறது கொள்ளிடம், தெற்கே போறது காவிரி. கொள்ளிடம் பள்ளம், நேர் ஓட்டம். காவிரிப் பக்கம் மணல் சேர்ந்து மேடு தட்டிக்கிட்டே போச்சு. தண்ணி பள்ளத்தைத்தானே பார்க்கும்? வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடத்தில் போய் கடலில் விழுந்துச்சு. தஞ்சாவூர் வாய்க்கால்கள் காய்ந்தன. கரிகாலன் கட்டியதா நாம சொல்ற கல்லணைக்கு முன்னாடியும் மணல் மூடிக் கிடந்தது. காட்டன் 1830ல் கல்லணையில் மணல் போக்கிகள் வைத்தார். அதுக்காகத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

ஆற்று மணலுக்கு அடி கிடையாது. பாறை வரைக்கும் தோண்டித்தான் அஸ்திவாரம் போடணும்னா அந்தக் காலத்தில் காவிரியில் அணையே கட்டியிருக்க முடியாது. கல்லணை பாறையைத் தேடிப் போகவே இல்லை. மணல் மேலேயே கல்லைப் போட்டு, அது இறங்க இறங்க மேலும் போட்டு, களிமண்ணை வைத்துக் கட்டி, இறங்குறது நிக்கிற வரைக்கும் காத்திருந்து எழுப்பிய அணை அது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் நிறுத்துறதை இந்த ஊர்க்காரங்ககிட்டேதான் கத்துக்கிட்டோம், அந்தப் பாடம் இல்லேன்னா எங்க வேலையெல்லாம் நஷ்டத்தில் முடிந்திருக்கும்னு பின்னாளில் அவரே எழுதினார். தான் வந்த புதுசில் ஜனங்க வெள்ளைக்காரனை எவ்வளவு இளக்காரமா பேசினாங்கன்னும் எழுதியிருக்கார். சண்டை போடத்தான் லாயக்கு, எங்க ராஜாக்கள் கட்டி வச்சதைப் பழுது பார்க்கக்கூடத் துப்பில்லைன்னு பேசினாங்களாம். அவங்க பேசினது நியாயம்தான்னும் சேர்த்து எழுதினார். அந்தக் காலத்து அதிகாரி ஒருத்தர் இப்படி எழுதுவது சாதாரணம் இல்லை.

1836ல் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை எழுந்தது. தண்ணி காவிரிக்குத் திரும்பிச்சு. மேலே மறித்தால் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதி வாய்க்கால்கள் என்னாகும்? அதுக்குத்தான் எங்க கீழணை. கடைமடைக்காரனை நினைத்துச் செய்த வேலை என்பதால் எனக்கு மேலணையைவிட இதன்மேல் கொஞ்சம் பிரியம் ஜாஸ்தி. இதையெல்லாம் கம்பெனி தர்மத்துக்குச் செய்யலைங்கிறதையும் சொல்லிடணும். தண்ணி ஏறினா வரி ஏறும். காட்டனும் மேலிடத்துக்கு எழுதும்போது லாபக் கணக்கைத்தான் முதலில் வைப்பார். அந்த பாஷைதான் அவங்களுக்குப் புரியும்.

1832-33ல் குண்டூர்ப் பக்கம் பெரிய பஞ்சம், 1839ல் கோரிங்காவில் புயல். கோதாவரி மாவட்டம் நொடிந்து கிடந்தது. காட்டன் அங்கே போய் அறிக்கை எழுதி, 1847ல் அணை வேலையை ஆரம்பித்தார். தவளேஸ்வரத்தில் ஆறு நாலு கிளையாக ஓடுது. செங்கல் உறைகிணறுகளை மணலில் இறக்கி, அதுமேல கட்டி, பின்னால் கற்களைக் கொட்டி மெத்தை போட்டாங்க. நடுவில் உடம்பு கெட்டுப்போய் அவர் கொஞ்ச காலம் விலகியிருக்க வேண்டி வந்தது. 1852ல் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அதுக்கு வைத்த பேரைக் கவனியுங்க, கோதாவரி அனிகட். அணைக்கட்டுங்கிற நம்ம சொல்தான் இங்கிலீஷ் உடுப்பு போட்டுக்கிட்டுப் போயிருக்கு.

1860 வாக்கில் ஓய்வு. 1861ல் சர் பட்டம். கல்யாணம் 1841லேயே டாஸ்மேனியாவில் ஆகிவிட்டது, மனைவி எலிசபெத். பிள்ளைகள் வளர்ந்து, இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற சின்ன ஊரில் குடும்பம் நிலைத்தது. நம்ம ஊர்ல என்ஜினியர் ரிட்டயர் ஆனா வாக்கிங் ஸ்டிக்கும் பேப்பரும் தான். இவருக்கு அதற்குப் பிறகு ஏறக்குறைய 40 வருஷம் மிச்சம் இருந்தது, அதில் பெரும்பகுதி சண்டையில் போச்சு.

ரயிலுக்குக் கொட்டுற பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்க, பாசனத்துக்கும் ஆச்சு, படகுப் போக்குவரத்துக்கும் ஆச்சு என்பது அவர் கட்சி. நதிகளையெல்லாம் கால்வாயால் இணைக்கணும்னு அப்பவே பேசினார். படகு ரயிலை ஜெயிச்சிடும்னு அவர் நம்பினது நடக்கலை. அவர் தூண்டி ஆரம்பித்த கர்னூல்-கடப்பா கால்வாய்க் கம்பெனி நஷ்டப்பட்டு, 1882ல் அரசாங்கமே வாங்கிக்க வேண்டியதாச்சு. கணக்கு போடுறதில் மனுஷன் எப்பவும் கொஞ்சம் ஆசைப்படுவார்.

ஆனா 1876 வந்தது. நம்ம பெரியவங்க தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்களே, அதுதான். எங்க வீட்டில் சாப்பாட்டை இறைச்சா, தாது வருஷத்தில் பொறந்திருக்கணும் நீன்னு கிழவிகள் திட்டுவாங்க. சேலம், பெல்லாரி, கடப்பைன்னு மேட்டு நிலமெல்லாம் பிணக்காடா ஆச்சு. லட்சக்கணக்கில் செத்தாங்க. ஆத்துப் பாசனம் இருந்த கோதாவரி டெல்டா தப்பிச்சது. ரயில் அரிசியைச் சுமக்கும், விளைய வைக்காது என்று காட்டன் கத்தினார். 1878ல் பாராளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்லப் போனபோது அவருக்கு 75 வயசு. தண்ணிப் பைத்தியம் பிடித்த கிழவனாகத்தான் பல பேர் அவரைப் பார்த்தாங்க. குழு அவர் பேச்சை ஏற்கவில்லை. பத்திரமான கூடத்தில் உட்கார்ந்து செலவுக்கணக்கில் அவரை மடக்கினாங்க. அந்தக் கணக்கில் சில இடங்களில் அவங்க சொன்னது சரியாகவும் இருக்கலாம். செத்தவங்க கணக்கு அந்த மேஜையில் எவ்வளவு கனமா இருந்துச்சுன்னுதான் எனக்குப் புரியலை.

சரி, என்னை அவர்கிட்ட இழுத்தது அணை இல்லை, அதுக்கப்புறம் நடந்தது. 80ஐத் தாண்டின வயசில் மனுஷன் டார்க்கிங் வீட்டுத் தோட்டத்தில் கோதுமை பயிர் வச்சார். மேலோட்டமா கீறி விதைக்கிறதால்தான் விளைச்சல் குறையுது, மண்ணை ஆழமா வெட்டிப் புரட்டினா வேர் இறங்கும், காத்தும் ஈரமும் போகும் என்பது அவர் எண்ணம். பாத்தி பாத்தியாப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்.

ஆழ உழவு எல்லா மண்ணுக்கும் ஆகாது. எங்க களியில நெல்லுக்கு ஆழமா உழுதா டிராக்டரே புதையும், சேத்துக்குக் கீழே இருக்கிற கெட்டித் தரை உடைந்து தண்ணியும் நிக்காது. கோதுமைக்கு வேற கணக்கு. அது இருக்கட்டும். லட்சக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணி கொடுத்த ஆள், கடைசியில் அந்தத் தண்ணி வேர்கிட்ட போய் என்ன செய்யுதுன்னு பார்க்க மண்வெட்டி வேலைக்கு வந்தார் பாருங்க. வாய்க்காலோட நின்னு போற பொதுப்பணித்துறை ஆளுங்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கேன். வயலுக்குள்ள இறங்கினவங்க கம்மி.

1899 ஜூலை 24ல், 96 வயசில், டார்க்கிங்கிலேயே காலமானார். முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்ட் 22ல் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனது உங்களுக்கும் நினைவிருக்கும். பக்கத்தில் புதுக் கதவணை கட்டிட்டாங்க.

அவர் மகள் லேடி ஹோப் 1900ல் அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய புத்தகம் போட்டார். மகள் எழுதினது, அப்பா புகழ் தூக்கலாத்தான் இருக்கும். இணையத்தில் இலவசமா கிடைக்குது. அணை, பாராளுமன்றம் பக்கமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதுமைக் காலத்துப் பகுதியிலிருந்து ஆரம்பிங்க.