அரண்மனையில் ஓர் அலுவலக அறை



வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது 2020 மார்ச் ஊரடங்கோடு வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அதற்குப் பழைய உதாரணம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குலசேகரம் வழியாகத் தக்கலைக்குப் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. 1795 வரை பத்மநாபபுரம்தான் திருவிதாங்கூரின் தலைநகரம். மன்னர் குடும்பம் வாழ்ந்ததும் அங்கேதான், அரசுக் காரியங்கள் நடந்ததும் அங்கேதான்.

அடுத்த முறை விருந்தினர்களை அழைத்துப் போகும்போது, வேலை அறை எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். முன்னால் பூமுகம். அதன் மாடியில் மந்திரசாலை, அதாவது மன்னர் அமைச்சர்களோடு ஆலோசித்த இடம். குறுகலான மரப்படி ஏறினால் நேரே அங்கே போய்விடலாம். குடும்பம் புழங்கும் பகுதிக்குள் நுழைய வேண்டியதில்லை. சன்னல்களில் மரச்சட்டங்களும் வண்ண மைக்காத் தகடுகளும் உண்டு. வெயில் வடிகட்டி வரும், கண் கூசாது, வெக்கையும் இல்லை.

தாய்க்கொட்டாரமோ உள்ளே தள்ளி இருக்கிறது. 1550 வாக்கில் கட்டப்பட்ட நாலுகட்டு; நடுவில் திறந்த முற்றம். காரியம் முன்னால், குடும்பம் பின்னால்.

நம் பழைய வீடுகளிலும் இதே கணக்குதான். வயல் விவகாரமும் கொடுக்கல் வாங்கலும் படிப்புரையிலேயே முடிந்துவிடும். கான்கிரீட் வீடுகள் வந்தபோது படிப்புரை சிட்அவுட்டாகச் சுருங்கியது. வங்கியில் இருந்தபோது வீட்டுக்கடனுக்கு வரும் பிளான்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பூஜை அறை இருக்கும், கார் ஷெட் இருக்கும். வேலை செய்ய ஓர் அறை என்று யாரும் கோடு போட்டதில்லை.

அதன் பலனை இப்போது அனுபவிக்கிறோம். மகன் படுக்கையறையை எடுத்துக்கொள்கிறான். மருமகள் சாப்பாட்டு மேசையில், ஒரு பக்கம் டி.வி., மறு பக்கம் குக்கர் விசில் நடுவே மீட்டிங்கில் பேசுகிறாள். அவளும் அதே எட்டு மணி நேரம்தானே உழைக்கிறாள்?

புதிதாகக் கட்டுவோரும் மாற்றிக் கட்டுவோரும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அறை வாசலை ஒட்டி இருக்கட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம். இடவப்பாதி மழை பிடித்தால் ஒரு வார்த்தை கேட்காது. பெரிய அறை தேவையில்லை. ஒரு மேசையும் சாத்துவதற்கு ஒரு கதவும் போதும். வேலை முடிந்து அந்தக் கதவைச் சாத்தினால் மற்றதெல்லாம் வீடு.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போய்ப் பாருங்கள். மேஸ்திரியையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது.