நர்ஸ்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்? சம்பளம் மட்டும்தான் காரணமா?

நர்ஸ்கள் ராஜினாமா செய்தால் நிர்வாகம் முதலில் சொல்வது சம்பளம், அடுத்து வெளிநாட்டு வாய்ப்பு. இரண்டும் உண்மைதான். ஆனா மேலே இருப்பவர்கள் நடத்தும் விதம் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வராது. அது என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை ஒரு கசப்பான உதாரணம்.

ஸ்டாஃபோர்டில் என்ன நடந்தது?

அது அரசின் என்.ஹெச்.எஸ். மருத்துவமனை. கூடுதல் தன்னாட்சி தரும் 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' அந்தஸ்து வாங்குவதில் நிர்வாகம் குறியாக இருந்தது. அதற்குக் கணக்கு சரியாகத் தெரியணும். 2006-07ல் 1 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க முடிவெடுத்து ஆட்களைக் குறைத்தார்கள். 2008 பிப்ரவரியில் அந்தஸ்தும் கிடைத்தது. வார்டில்தான் நர்ஸ்கள் இல்லை.

எமர்ஜென்சியில் இன்னொரு நெருக்கடி. வந்த நோயாளியை 4 மணி நேரத்துக்குள் அட்மிட் செய்யணும், இல்லைன்னா அனுப்பணும். நேரம் தாண்டினால் பதிவேட்டில் நேரத்தை மாற்றி எழுதச் சொன்னார்கள் என்று அங்கே நர்ஸாக இருந்த ஹெலீன் டோனெல்லி விசாரணையில் சாட்சி சொன்னார். கிட்டத்தட்ட 100 புகார்கள் கொடுத்தவர் அவர். பதிலுக்கு வந்தது மிரட்டல். ஷிஃப்ட் முடிந்து கார் வரை தனியாக நடக்கவே பயந்தாராம். கடைசியில் அந்த வேலையை விட்டார்.

வேலைப்பளுவை ஓரளவு தாங்கிக்கலாம். நோயாளிக்கு என்ன தேவைன்னு தெரிந்தும் செய்ய முடியாமல், அதை மறைத்துப் பொய்யும் எழுதணும் என்றால் தாங்குவது கஷ்டம். ஒருத்தர் போனால் அவர் பார்த்த படுக்கைகள் மீதி பேர் தலையில் விழும். அடுத்த ராஜினாமா அங்கிருந்துதான் வரும். காலியிடத்தை 'மிச்சம்' என்று பார்க்கும் நிர்வாகத்துக்கு இது தாமதமாகத்தான் உறைக்கும்.

ஆட்கள் தங்கும் இடங்களில் என்ன இருக்கு?

அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது, 163 மருத்துவமனைகளை ஆராய்ந்த அறிக்கை 1983ல் வெளியானது. நர்ஸ்களை ஈர்த்துத் தக்கவைத்தவை என 41 தேறின. 'காந்த மருத்துவமனைகள்' என்று பெயர். அங்கே நர்ஸிங் தலைமை அணுகக்கூடியதாக இருந்தது. சிகிச்சை முடிவுகளில் நர்ஸ்கள் பேச்சும் எடுபட்டது.

ஸ்டாஃபோர்டு பற்றிய ராபர்ட் ஃபிரான்சிஸ் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் வந்தது. 2015ல் அவரே கொடுத்த இன்னொரு அறிக்கைக்குப் பிறகு, என்.ஹெச்.எஸ். டிரஸ்ட்களில் ஊழியர் குறைகளைக் கேட்கத் தனியாக ஒருவரை நியமிக்கும் முறை வந்தது. வார்டு மேலதிகாரியைத் தாண்டி நேராக அவரிடமே போகலாம்.