டீ, சீனி, கறுப்புத் துணி: ஆஸ்டின் அக்கா தங்கச்சி எழுதிக்கிட்ட கவலைகள்

ஜேன் ஆஸ்டின்னதும் நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஞாபகம் வரும். அதோட மூலக்கதை அவருடையதுதான். ஆனா இன்னைக்கு நாவல் பக்கமே போகல. அவர் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதின கடிதங்களைப் பத்தித்தான் பேசப்போறேன். (அம்மா பேரும் கசாண்ட்ராதான். வீட்ல எப்படிக் கூப்பிட்டாங்களோ!)

முதல்ல காசு விஷயம். 1805 ஜனவரியில அப்பா இறந்துடறார். அவர் பாதிரியார், அவரோட அந்த வருமானமும் நின்னுடுது. கசாண்ட்ராவுக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை 1797ல மேற்கிந்தியத் தீவுகள்ல காய்ச்சல்ல இறந்தப்போ விட்டுப்போன 1,000 பவுண்டு இருந்தது, அதோட வட்டி வரும். ஜேனுக்கு அதுவும் இல்ல. மிச்சத்துக்கு அண்ணன் தம்பிங்க கையை எதிர்பார்க்கணும்.

இந்த நிலைமையை மனசுல வச்சுக்கிட்டு கடிதங்களைப் படிச்சா வேற மாதிரி இருக்கு. டீ விலை ஏறிடுச்சேன்னு எழுதறார். துணி என்ன விலை, சமையல்காரி எப்படி, இதெல்லாம்தான் நியூஸ். பின்னாடி சாட்டன் வீட்ல காலைச் சாப்பாடும் டீ, சீனி இருப்பும் ஜேன் பொறுப்பு. டீ மேல அப்போ வரி அதிகம், பூட்டி வைக்கிற சாமான் அது.

கடிதமே செலவுதான். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏத்த மாதிரி தபால் கட்டணம், அதையும் பெரும்பாலும் வாங்கறவங்கதான் கட்டணும். அதனால தாள் நிரம்பினதும் தலைகீழாத் திருப்பி வரிகளுக்கு நடுவுல எழுதுவார். டேட்டா பேக் தீரும்போது நாம பண்ற சிக்கனம் மாதிரிதான்!

எனக்குப் பிடிச்சது 1808 அக்டோபர் கடிதங்கள். அண்ணன் எட்வர்டோட மனைவி எலிசபெத், பதினோராவது குழந்தை பிறந்து கொஞ்ச நாள்லயே இறந்துடறாங்க. கசாண்ட்ரா அப்போ கென்ட்ல அந்த வீட்லயே இருக்காங்க. ஜேன் சவுத்தாம்ப்டன்ல. ஸ்கூல்ல இருந்த மூத்த பசங்க ரெண்டு பேர் ஜேன்கிட்ட வர்றாங்க. அவங்களுக்குக் கறுப்பு உடுப்பு தைக்கணும், அழுகையை மாத்தணும். காகிதக் கப்பல், விடுகதை, சீட்டுன்னு பொழுதை ஓட்டறார். அங்க அக்கா குழந்தைங்களைப் பாத்துக்கறாங்க, இங்க தங்கச்சி பாத்துக்கறார். ரெண்டு பேரும் கடிதத்துல மாத்தி மாத்தி விவரம் சொல்லிக்கறாங்க. அதே மாசம்தான் எட்வர்ட், சாட்டன்ல தனக்குச் சொந்தமான வீட்டைத் தர்றேன்னு சொல்றார். 1809ல குடிபோனாங்க. 1811ல முதல் நாவல் வெளிவந்தது. அதுல வந்த லாபம் 140 பவுண்டு.

1817ல ஜேன் இறந்துடறார். 1840கள்ல, தன் கடைசிக் காலத்துல, கசாண்ட்ரா கட்டைப் பிரிச்சுப் படிச்சு, பெரும்பாலான கடிதங்களை எரிச்சுட்டாங்க. சிலதுல வரிகளை மட்டும் வெட்டி எடுத்திருக்காங்க. மிஞ்சினது, மத்தவங்களுக்கு எழுதினதையும் சேர்த்து, சுமார் 160. ஆராய்ச்சியாளர்கள் திட்டுவாங்க. எனக்குத் திட்டத் தோணல. அக்காவுக்குன்னு எழுதினது, அக்கா முடிவு பண்ணாங்க. டீ விலையை மட்டும் நமக்கு விட்டு வச்சிருக்காங்க.